பிறேக்கரின் மஞ்சள் கார்

ரொறொன்ரோவில் கார் வைத்திருக்கும் தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். எல்லோரும் ஓடுவதற்காகத்தான் கார் வாங்கினார்கள். நிறுத்துவதற்காகவே கார் வாங்கிய மனிதர் ஒருவர்தான். அவர் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வரிசையில் எல்லோருக்கும் அவர் பிறேக்கர். கோபம் வந்தால் அவருடைய மனைவி பவளமும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. பந்தயத்தில் ஓடுகிற சாதி. மஞ்சள் நிறம், இரண்டே இரண்டு சீற், வயிறு தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதற்குள் ஏறுவது என்று சொல்ல முடியாது, கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். திரும்பி வெளியே வர ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். அவர் காரை ஸ்ராட் பண்ணினால் என் வீட்டு அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

வாங்கியது குளிர் தொடங்குகிற நேரம். பூசைக்கு ஐயரைக் கூப்பிட்டிருந்தார். ஐயருக்கு அன்று வேறு எங்கோ வேலை, மறுநாள் காலையில்தான் வர முடிந்தது. ஆனால் ஆர்வக்காரரான பிறேக்கர் நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய்களை முதல் நாளே வைத்துவிட்டார். இரவு அடித்த குளிரில் தேசிக்காய்கள் கல்லாகிவிட்டன. ட்றைவ்வேயிலும் ஐஸ் பிடித்துவிட்டது.

காலையில் ஐயர் மந்திரம் சொல்லி, தேங்காய் உடைத்து, "எடுங்கோ" என்றார். கார் உறுமியது. சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. கார் ஓர் அங்குலம் நகரவில்லை. தேசிக்காயும் நசுங்கவில்லை. ஐயர் தனக்குத்தான் ஏதோ மந்திரம் விடுபட்டுப் போனது என்று நினைத்து மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினார். என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"தம்பி, உது ரயரோ, இல்லாட்டி சவர்க்காரத்திலை செய்த சாமானோ?" என்று கேட்டேன்.

கடைசியில் ஐயர்தான் குனிந்து தேசிக்காய்களைப் பொறுக்கி எடுத்தார். அதன் பிறகு கார் நகர்ந்தது. நகர்ந்தது என்றால், நிற்கவே இல்லை. என் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போய் மோதித்தான் நின்றது.

அந்த அவமானம்தான் மனிதரை மாற்றியது. விசாரித்துக்கொண்டு வந்து, காரோடு வந்தது வெயில் காலத்து ரயர் என்றும், குளிரில் அந்த றப்பர் பலகை மாதிரி இறுகிப்போகும் என்றும் எங்கள் எல்லோருக்கும் விளக்கினார். பனிக்கென்று மெத்தென்ற ரயர் நாலு வாங்கிப் பூட்டினார். இரண்டு போதாதா என்று கேட்ட என் கணவரோடு ஒரு கிழமை பேசவில்லை. "முன்னுக்கு நிண்டு பின்னுக்கு வழுக்கினால் அது காரோ, பம்பரமோ அங்கிள்?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான்.

கழற்றிய ரயர்களைக் கராஜில் வைத்தால் குளிரில் வெடித்துவிடுமாம். வீட்டு ஹோலுக்குள் கொண்டுவந்து அடுக்கினார். பவளம் அழுது பார்த்தாள், பிறகு அதன்மேல் துணி விரித்துக் குத்துவிளக்கை வைத்துவிட்டாள். பார்க்க வந்தவர்கள் ரயருக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவருக்குப் பிறேக் படிப்பு. கடைத்தெருவுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடக்கும் கார்த் தரிப்பிடத்துக்குப் போய், பனியில் ஓடி ஓடி நிறுத்துவார். பெடலை உணர வேண்டும் என்று கொட்டுகிற பனியிலும் மெல்லிய கன்வஸ் சப்பாத்துத்தான் போடுவார். பக்கத்து சீற்றில் பவளம், அவள் மடியில் ஒரு சட்டி சொதி. சொதி சிந்தாமல் நின்றால் பிறேக் சரி, சிந்தினால் பிழை. அந்தக் குளிர்காலம் முழுவதும் பவளத்தின் சேலைகளில் தேங்காய்ப்பால் மணந்தது. அந்தக் காரைப் பூட்டித் திறக்கிற திறப்பை மட்டும் அவளுக்குக்கூட அவர் கொடுத்ததில்லை. குளிக்கப் போனாலும் கையோடு கொண்டு போவார் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

என் இளைய மகன் சுதனின் கல்யாணம் ஒரு குளிர்காலத்தில்தான் அமைந்தது. சுதன் விட்பியில் புது வீடு வாங்கியிருந்தான். அங்கிருந்து மாப்பிள்ளை புறப்பட்டு அஜின்கோர்ட்டில் இருக்கிற மண்டபத்துக்கு வர வேண்டும். என் கணவரும் பவளமும் சொந்தக்காரரும் முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையும் தோழனும் நானும், வாடகைக்கு எடுத்த நீளமான வெள்ளை லிமோவில். தாலி என் கைப்பைக்குள். பிறேக்கர் தன் மஞ்சள் காரில் பின்னால் வந்தார். புறப்படும் முன்பே அவர் லிமோவின் ரயரை விரலால் அமத்திப் பார்த்து, "இது பல்லுப் போன கிழவன்ரை வாய் மாதிரி வழுவழுவெண்டு கிடக்கு" என்று ட்றைவருக்குச் சொல்லிவிட்டார். ட்றைவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

தெரு முனையைத் தாண்டவில்லை. லிமோ வளைவில் பிறேக் பிடித்தது, ஆனால் திரும்பவில்லை. நேரே போய்ப் பனிக் குவியலுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு படுத்துவிட்டது. இழுக்கிற வண்டி வரச் சுணங்கும் என்றார்கள். டாக்சியும் அப்படித்தான். முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நல்ல நேரம் தப்பினால் அன்றைக்கு வேறு நேரம் இல்லை என்று ஐயர் முன்பே சொல்லியிருந்தார்.

பிறேக்கர் இறங்கி வந்தார். மஞ்சள் காரில் இரண்டே சீற். ஒன்றில் அவர், மற்றதில் ஒரு ஆள். நான் கைப்பையைத் திறந்து தாலியைச் சுதனிடம் நீட்டினேன்.

"நீங்கள் இரண்டு பேரும் போங்கோ. நான் பிறகு ஆறுதலாய் வாறன்" என்றேன். குரல் நடுங்கக் கூடாது என்று வெகு கவனமாகச் சொன்னேன்.

பிறேக்கர் என்னைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டுத் திறப்பை எடுத்து, சுதனின் கையில் வைத்தார்.

"பெத்த தாய் பாக்காமல் என்ன தாலிகட்டு? நீ காரை ஓடு. அன்ரி, போனை ஸ்பீக்கரிலை போடுங்கோ. நான் இஞ்சையிருந்து பிறேக் பிடிக்கிறன்."

அப்படித்தான் போனோம். சுதனின் தலைப்பாகை கூரையில் முட்டியதால் அதை என் மடியில் வைத்துக்கொண்டேன். தாலி என் ஒரு கையில், மற்றக் கையில் போன். போனுக்குள் பிறேக்கர்.

"முன்னுக்கு என்ன, அன்ரி?"

"ஒரு லொறி."

"எவ்வளவு தூரத்திலை?"

"ஒரு தேர் நிக்கலாம்."

"காணாது. இரண்டு தேர் நிக்க வேணும். சுதன், காலை எடு. பிறேக்கை மிதிக்காதை, தடவு. வளைவுக்கு முதலே தடவி முடிச்சிடு, வளைவுக்குள்ளை தொடாதை."

"தம்பி, கொஞ்சம் வாயை மூடும். பிள்ளை ஓடட்டும்" என்றேன். அவர் மூடவில்லை.

ஹைவேயை விட்டு இறங்கும்போது கீழே சிவப்பு விளக்கு. சுதன் பயந்து அழுத்திவிட்டான். பெடலுக்குள் டக டக என்று உதறியது. அந்தச் சத்தம் போனுக்குள்ளால் அவருக்குக் கேட்டுவிட்டது.

"உதறட்டும், காலை எடாதை. வழுக்காமல் பிடிக்கத்தான் பிறேக் அப்பிடி உதறும், அது தன்ரை வேலையைச் செய்யுது" என்றார், கோயிலில் பேசுகிற மாதிரி மெதுவாக.

கார் கோட்டுக்கு முன்னாலேயே நின்றது. எங்களுக்குப் பக்கத்தில் வந்த, நாலு சில்லும் இழுக்கிற பெரிய உயர்ந்த வண்டி நிற்காமல் எங்களைத் தாண்டிப் போய்ப் பனிக்குள் ஏறி இருந்தது. நான் அதைச் சொன்னதும், "நாலு சில்லும் இழுக்கிறது போறதுக்கு, அன்ரி. நிக்கிறதுக்கு ரயர்தான் வேணும்" என்றார். அந்த நேரத்திலும் மனிதருக்குப் படிப்பிக்காமல் இருக்க முடியவில்லை.

மண்டப வாசலில் நாலு பேர் சேர்ந்து என்னைக் காருக்குள்ளிருந்து பிடுங்கி எடுத்தார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. கெட்டிமேளம் முழங்க, என் கண்ணுக்கு முன்னாலேயே சுதன் தாலி கட்டினான். அறுகரிசி போட்டு வாழ்த்திவிட்டு மூக்கைத் துடைக்கக் கைப்பையைத் திறந்தேன். போனில் அழைப்பு இன்னும் நிற்கவில்லை. உள்ளேயிருந்து காற்றுச் சத்தமும் பிறேக்கரின் குரலும் வந்தன.

"மேளம் நல்லாய்க் கேட்டுது, அன்ரி. தோழனும் ட்றைவரும் கேக்கட்டும் எண்டு போனை உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

அந்த மெல்லிய சப்பாத்தோடு பனிக்குள் நின்றிருக்கிறார்.

"பதறாமல் வாரும் தம்பி. நான் இன்னும் சாப்பிடேல்லை. நீர் வந்துதான் எனக்குச் சாப்பாடு" என்றேன்.

மகன் மணவறையில் இருந்தான். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.