பாக்கெட் பிரிக்கும் பதவி

பிறர் கையிலிருக்கும் பாக்கெட்டைப் பிடுங்கிப் பிரிப்பதற்கென்றே அவதரித்த ஓர் இனம் உண்டு, வாசகர்களே! அதை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. பிளாஸ்டிக் உறை சரசரத்தால் போதும், எந்த அறையில் இருந்தாலும் வந்து நிற்கும்.

“உன்னால ஆகாது. இப்படிக் குடு.”

கூப்பிட்டது யார்? யாருமில்லை. ஆனாலும் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, ‘இங்கே கிழிக்கவும்’ என்ற அம்புக்குறியைப் பரம்பரைப் பகையாளியைப் போல முறைத்து, அதற்கு நேரெதிர் மூலையைப் பல்லால் கடித்து, பல் தோற்றதும் கத்தரிக்கோல், அது வழுக்கியதும் ஸ்க்ரூ டிரைவர், கடைசியில் கதவிடுக்கு என்று படிப்படியாக முன்னேறி, ஒரே இழுப்பில் பிரிப்பார். பாதி பிஸ்கட் தூளாகி மேசையில். மீதி அலமாரிக்கு அடியில்.

“இதுக்கெல்லாம் ஆள் வேணும்!”

எனக்குத் தெரிந்த ஒருவர் ஓய்வுபெற்ற என்ஜினீயர். உத்தியோகம் போயிற்று, தலைமுடியும் கூடவே போயிற்று. மிஞ்சியது இந்தப் பதவி ஒன்றுதான். மனைவிக்கு விரல் மூட்டுகளில் வலி. ஆகவே பதவிக்கு ஆபத்தில்லை என்றிருந்தார்.

பெற்ற மகளே குழி பறித்தாள்! உணவுப் பெட்டிகளை வடிவமைக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. மண்ணில் மக்கிப்போகும் அட்டையில் செய்த புதிய பிஸ்கட் பெட்டிகளோடு ஒரு மாலை வந்தாள். ஓரத்தில் அகலமாக ஒரு காகித நாக்கு.

“வயசானவங்களுக்குன்னே செஞ்சதும்மா. லேசா தூக்கு, போதும்.”

அம்மா ஒற்றை விரலால் தூக்கினாள். திறந்துகொண்டது.

ஐயோ! அந்தச் சின்ன ‘டப்’ அவர் நெஞ்சில் இடியாக இறங்கியதை யார் கண்டார்கள்?

மறுநாள் மிச்சப் பெட்டிகளையெல்லாம் பார்சல் டேப்பால் தலைமுதல் கால்வரை சுற்றினார். பிறகு கூடத்தில் காத்திருந்தார். எதிர்பார்த்தபடியே மனைவி ஒரு பெட்டியோடு திணறிக்கொண்டு வந்தாள். பாய்ந்து பிடுங்கினார். பல்லைப் போட்டார், டேப் மீசையில் ஒட்டியது. இழுத்தார், பெட்டி உள்ளங்கையில் ஒட்டியது, உள்ளங்கை சட்டையில் ஒட்டியது. மகள்தான் கத்தரித்து மீட்டாள்.

“யாருப்பா இத இப்படிச் சுத்துனது?”

“ஃபேக்டரியிலேயே அப்படித்தான் வருது.”

“நம்ம வீட்டு டேப்பு எப்பப்பா ஃபேக்டரிக்குப் போச்சு?”

அவர் கண்கள் குளமாயின. மனைவியைப் பார்த்தார். “எல்லாத்தையும் நீயே பிரிச்சுக்கிட்டா, அப்புறம் நான் எதுக்குடி?”

அவள் பெட்டியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“பிஸ்கட்டு வட்டமா இருக்கும்னு கல்யாணமாகி இத்தன வருஷத்துல இப்பத்தாங்க எனக்குத் தெரியுது. பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க. அதுக்குத்தான் நீங்க.”

மீசையில் பாதி டேப்போடு அவர் உட்கார்ந்தார்.

சிரித்தாயிற்றா? நல்லது. இப்போது எழுந்து போய், நீங்கள் கடைசியாக மூடிவைத்த பாட்டிலை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். திறக்க வரவில்லையா? அவ்வளவு இறுக்கம் காற்று புகாமல் இருக்கத்தானா?

என்னிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.