பதினான்கு நாள் இத்தாலியர்

திருப்பதியில் கூட்டத்துக்கும் குரங்குக்கும் அடுத்தபடியாகத் தென்படத் தொடங்கியிருக்கும் ஒரு ஜீவராசியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்: பதினான்கு நாள் இத்தாலியர். ஸ்ரீசிட்டியில் ஏதோ ஒரு தொழிற்சாலை இத்தாலியிலிருந்து மிஷின் வாங்கும். அதை ஓட்டக் கற்றுவர இவரை இரண்டு வாரம் அங்கே அனுப்பும். இவர் மிஷினைக் கற்றாரோ இல்லையோ, விடைபெற நான்கு வார்த்தையும் அழகைப் புகழ இரண்டு வார்த்தையும் கற்றுக்கொண்டு ரேணிகுண்டாவில் வந்து இறங்குவார். தண்ணீர் கேட்கத் தெரியாது. சாப்பாடு கேட்கத் தெரியாது. பதினான்கு நாளும் வாழைப்பழம்தான்.

எங்கள் எதிர்வீட்டுக் கோகுலகிருஷ்ணன் இந்த இனத்தில் முதல் தரம். பால்காரர் கங்கையாவுக்கு ‘ச்சாவோ’. பேங்க் மேனேஜருக்கு ‘அரிவெதேர்ச்சி’. மறுநாளே பார்க்கப்போகிற ஆளுக்கு ‘அ ப்ரெஸ்தோ’. இனிமேல் பார்க்கவே மாட்டோம் என்பவருக்குத்தான் ‘அத்தீயோ’ என்பதை, நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் விளக்கி முடித்துவிடுவார். பெருமாள் சந்நிதியிலேயே நகரச் சொல்லும் ‘ஜரகண்டி’ என்ற ஒற்றை வார்த்தையோடு வெளியே வந்து பழகிய எங்களுக்கு இத்தனை வகை எதற்கு? யார் கேட்பது?

புகழ்ச்சி இன்னும் மோசம். அலர்மேல் மாமி வைத்த கொலு, காய்கறிக் கடைப் பூசணிக்காய், கீழ்வீட்டு விஷ்ணுப்ரியாவின் மூன்று மாதக் குழந்தை, எல்லாமே ‘கே பெல்லா’. குழந்தைக்கு மட்டும் அன்றே உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அர்த்தம் புரியவில்லையாம், பார்த்த பார்வை புரிந்ததாம்.

மனைவி கௌசிகாவுக்கும் உண்டு, இத்தாலியத்தில். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் தமிழில் ஒருமுறைகூட இல்லை.

போன ஆவணியில் கௌசிகாவின் தம்பிக்குக் குப்பம் பக்கம் குடுபல்லியில் நிச்சயதார்த்தம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் மட்டும் கரும்பச்சைப் பட்டுப்புடவையும் தலை நிறையக் கதம்பமுமாகக் கிளம்பி வாசலில் நின்றாள். எங்கள் வீட்டுக் கதவும் திறந்துதான் இருந்தது. திறந்திருந்தால் காதில் விழாதா?

“எப்டி கீறேன்?”

“செய் பெல்லிஸ்ஸிமா,” என்றார், புகழ்ச்சியில் தமக்குத் தெரிந்த இரண்டாவதை எடுத்து.

“தமிழ்ல சொல்லு.”

கோகுலகிருஷ்ணன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார். கடைசியில் நம் ஆண்கள் இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்வதையே அவரும் சொன்னார்.

“பொடவ நல்லாத்தான் கீது. எங்க எடுத்த?”

கௌசிகா பையைத் தூக்கினாள். “நான் போறேன்.”

“அரிவெதேர்ச்சி,” என்று இவர் கையை ஆட்டினார்.

அவள் லிஃப்டில் இறங்கியதும் என் மனைவி செங்கமலம் எழுந்து வாசலுக்கே போய்விட்டாள்.

“இன்னாண்ணா நீங்க, அது போறேன்னு சொல்லிக்கினு போவுது, நீங்க கைய ஆட்டிக்கினு நிக்கிறீங்க. போய்ட்டு வரேன்னா சொல்லுச்சு?”

சாவு வீட்டில்தான் நாம் சொல்லாமல் கிளம்புவோம். வேறு எந்த வாசலிலும் திரும்பி வருவதைச் சேர்த்துச் சொல்லாமல் காலை வெளியே வைப்பதில்லை. விடைபெறுவதில் நான்கு ரகம் தெரிந்த மனிதருக்குத் தன் வீட்டு வாசலில் நடந்தது விளங்க ஒரு முழு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

அவரை ஸ்கூட்டரில் ஏற்றி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். குப்பம் பஸ் கிளம்பப் போகிறது. ஜன்னலோரம் கௌசிகா. உள்ளே ஐம்பது பேர், பாதிப் பேர் காணிப்பாக்கத்துக்குப் போகிற பக்தர்கள்.

“கௌசி... நீ அழகா கீற.”

“கேக்கல.”

“நீ ரொம்ப அழகா கீற,” என்றார், பக்கத்து வேலூர் பஸ்ஸில் இருந்தவர்களும் எட்டிப் பார்க்கும்படி.

“அயிபோயிந்தா அன்னா? போதாமா?” என்றார் கண்டக்டர். சொல்லியாச்சா, போகலாமா என்று அவர் கவலை அவருக்கு.

கௌசிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது சிவந்திருந்தது. “பிரிட்ஜ்ல மோர்க்கொழம்பு கீது. சுட வச்சித் துன்னு. ஞாயித்துக்கெழம வந்துர்றேன்.”

வீட்டுக்கு வந்து செங்கமலத்திடம் முழுவதையும் சொன்னேன். கழுத்தைத் தடவியதை நடித்தே காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: “அவரு சொல்லிட்டாரு. நீங்க எப்ப சொன்னீங்க?”

“எத?” என்றேன்.

அன்றிலிருந்து இத்தாலியர்களைப் பார்த்து நான் அவ்வளவாகச் சிரிப்பதில்லை. நீங்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. சிரியுங்கள். போன முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது உங்கள் வீட்டில் ஒருவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தாரே, என்ன சொன்னீர்கள்? ‘லேட்டாயிடுச்சு’ என்றுதானே?