நடுரோட்டில் மூன்றடுக்கு முகப்பு

அன்று அங்கே இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரன் பத்தோலா, அவன் மனைவி சைனப், சைனபின் அண்ணன் கமருதீன், வீடு தூக்கும்போது குரல் கொடுக்கும் மூத்த தச்சர் வாரிஸ், வெங்காய லாரி ஓட்டும் ரித்வான், அவனுக்குப் பின்னால் வந்து நின்ற வண்டிக்காரர்கள், ரோட்டோரம் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த பெச்சே, இவர்களோடு மூங்கிலுக்குத் தோள் கொடுத்த ஊர் ஆண்கள். வேறு எவராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

வீடும் இருந்தது. நடுரோட்டில் இருந்தது. குட்டைத் தூண்கள் மேல் நிற்கும் மரவீடு; அடியில் மூங்கில் கட்டி ஊரே தோளில் தூக்கி வந்தது.

"இடது பக்கம் திருப்பு!" என்று கத்தினார் வாரிஸ்.

"இடது பக்கம் பள்ளம், பெரியவரே!"

"அப்ப வலது பக்கம்!"

"வலது பக்கம் கரண்ட் கம்பி! கூரை இடிக்குது!"

"அப்ப இறக்குங்கடா!"

இறக்கினார்கள். தூண்கள் தார்ச்சாலையில் நின்றன. மலையிலிருந்து இறங்கி வந்த லாரி, வீட்டு வாசற்படிக்கு முன்னால் வந்து ஹாரன் அடித்தது.

பத்தோலா வீட்டைத் தூக்கத் துணிந்தது வேடிக்கைக்காக அல்ல. அதற்கு முந்தின வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கமருதீன் சத்தமாகச் சொன்னான்: "எங்க மாப்பிள்ளை வீட்டுத் தூண் அத்தனையும் என் மண்ணுல நிக்குது. அவரு மட்டும் எப்படித்தான் தலை நிமிர்ந்து நிக்கிறாரோ!"

பந்தி சிரித்தது. பத்தோலா பாதிச் சோற்றில் எழுந்தான். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு கை கழுவிவிட்டுப் போனவர் கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் வீட்டைத் தூக்குவது, சாலையைத் தாண்டி மேலே இருக்கும் தன் அப்பாவின் காப்பித் தோட்டத்தில் வைப்பது என்று அங்கேயே சபதம் செய்தான்.

தூக்கிய வீட்டைப் பொழுது சாய்வதற்குள் இறக்கி அடுப்பு மூட்டிவிட வேண்டும். முடியாவிட்டால் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். இது எங்கள் ஊர் வழக்கம். எடுத்த இடம் என்றால் கமருதீனின் மண். அதைவிட வீட்டோடு பள்ளத்தில் விழலாம் என்று பத்தோலா இருந்தான்.

முதல் தொல்லை சைனப்தான். தூக்கும் நேரத்தில் அவள் வீட்டை விட்டு இறங்கவில்லை.

"இந்த வீட்டுக்குள்ளதான் வாக்கப்பட்டு வந்தேன். வீடு எங்க போகுதோ நானும் அங்க போறேன்" என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இறங்கி நடந்து வந்தா எங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கீழேயிருந்து ஒருவன் கெஞ்சினான்.

"ஏன், பானை சட்டிய விட நான் கனமா?"

"பானை வாய் பேசாது அக்கா."

அவளோடு சேர்த்துத்தான் தூக்கினார்கள்.

இப்போது வாரிஸ் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தம்பி, முகப்புப் பலகைதான் கம்பியில தட்டுது. அதக் கழட்டிட்டா வளைஞ்சு போயிரலாம்."

"எதக் கழட்டுறது?"

"முகப்ப."

"மூணடுக்கு முகப்பையா?"

எங்கள் குடும்பத்துக் கூரைக்கு மூன்றடுக்கு முகப்பு உண்டு. அடுக்கு கூடினால் அந்தஸ்தும் கூடும்; அந்த மலையில் வேறு யார் வீட்டுக்கும் இரண்டுக்கு மேல் கிடையாது. அதைக் கழற்றுவது நடுத்தெருவில் இடுப்புத் துணியைக் கழற்றுவது போல.

"வீட்ட வேணும்னா திருப்புங்க. முகப்புல கை வைக்கக் கூடாது" என்றான் பத்தோலா.

திருப்பினார்கள். மூச்சு வாங்க இறக்கி வைத்தார்கள். முகப்பு பள்ளத்தைப் பார்த்தது. அடுப்படி ஜன்னல் சாலையைப் பார்த்தது. அதற்குள் லாரிக்குப் பின்னால் இன்னும் நான்கு வண்டிகள் சேர்ந்திருந்தன. எங்கள் ஊரில் வருகிறவர்களுக்கு முகப்பைக் காட்டுவதுதான் மரியாதை, அடுப்படியை அல்ல. பத்தோலாவின் காது சிவந்தது.

ரித்வான் லாரியிலிருந்து இறங்கி ஜன்னலுக்குக் கீழே வந்தான். உள்ளே வரிசையாகப் பிளாஸ்க்குகள் தெரிந்தன.

"அக்கா, அதுல இருக்கிறது காப்பியா?"

"ஆமா. வீடு தூக்குறவங்களுக்காகப் போட்டது."

"நாங்க வெங்காயம் தூக்குறவங்க. எங்களுக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்க."

ஊற்றினாள். அடுத்த வண்டிக்காரனும் வந்தான். பெச்சே தன் பொரித்த வாழைப்பழத் தட்டைக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மூங்கிலுக்குத் தோள் கொடுத்தவர்கள், கூட்டத்தைப் பார்த்ததும், தங்களுக்கு வைத்த காப்பி தீர்ந்துவிடுமோ என்று அவர்களும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள்.

பத்தோலா அலறினான். "சைனப்! அடுப்பு மூட்டிட்டியா? நடுரோட்டுல அடுப்பு மூட்டினா வீடு இங்கயே நிக்க வேண்டியதுதான்!"

"அடுப்பு எங்கங்க மூட்டுனேன்? எல்லாம் காலையில போட்டது."

"அப்ப காசு வாங்காத!"

ரித்வான் திரும்பிப் பார்த்தான். "சும்மா குடிக்க நாங்க என்ன உங்க சொந்தக்காரங்களா? கேவலமால்ல இருக்கும்?" என்று ஜன்னல் விளிம்பில் காசை வைத்தான்.

சாலையோரம் ஒரு காப்பிக் கடை போடுகிறேன் என்று சைனப் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் காப்பியை விளைவித்ததுண்டு, விருந்தினருக்குக் கொடுத்ததுண்டு. காசுக்கு ஊற்றியதில்லை என்று பத்தோலா மறுத்துவிட்டான். அது சரியான பதில்தான். இப்போது அவன் முகப்பைக் காப்பாற்றப் போய், அவன் வீடே கடையாக நின்றது.

"எந்திரிங்கப்பா, பொழுது சாயுது!" என்று ஒவ்வொருவனாக இழுத்தான்.

"இருங்கண்ணே, இன்னொரு கிளாஸ்."

"காப்பி நல்லா இருக்குண்ணே. வீட்ட இங்கயே விட்டுருங்களேன்."

ஆள் குறைந்தது. மாட்டைப் பார்க்க ஒருவன் போனான். மாமியாரைப் பார்க்க ஒருவன் போனான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கமருதீன் மெதுவாக வந்து ஒரு மூங்கிலுக்கு அடியில் குனிந்தான்.

"உங்க உதவி எனக்கு வேணாம் மச்சான்."

"உதவி யாரு பண்றா மாப்பிள்ளை? என் நிலம் காலியாகணும்ல, அதுக்காகத் தூக்குறேன்."

பத்தோலா அடுத்த மூங்கிலுக்கு அடியில் போய்த் தோள் கொடுத்தான். லாரிக்காரர்களும் கை கொடுத்தார்கள். வாரிஸ் குரல் கொடுத்தார். வீடு எழுந்தது. சாலையைத் தாண்டியது. காப்பித் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் முன்வரிசை கால் வைத்ததும் சறுக்கியது. முந்தின நாள் மழை. மறுபடி ஏறினார்கள், மறுபடி சறுக்கினார்கள். உள்ளே பிளாஸ்க்குகள் உருளும் சத்தமும், அவற்றைத் திட்டும் சைனபின் குரலும் கேட்டன.

"தம்பி, மேல போகாது. ஆளு செத்துருவான்" என்றார் வாரிஸ்.

சூரியன் எதிர் மலையின் முதுகில் உட்கார்ந்துவிட்டது. பத்தோலாவின் தோளில் தோல் உரிந்திருந்தது. அவன் அழுதுவிடுவான் போலிருந்தது, ஆனால் அழவில்லை. அதை இங்கே உறுதியாகச் சொல்ல வேண்டும்.

"திருப்பிக் கொண்டுபோயிரலாமா?" என்று கேட்டார் வாரிஸ்.

"மாட்டேன். அந்த மண்ணுக்குப் போக மாட்டேன்."

"அப்ப அந்தா, சோளம் அறுத்த நிலம் சமமாக் கிடக்கு. ரோட்டோரம்."

"அது என் நிலமில்லையே!"

ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "எங்கம்மா எனக்குக் கொடுத்த துண்டு. ஏன், பொண்டாட்டி மண்ணுலயும் நிக்க மாட்டீங்களோ?"

பத்தோலா யோசித்தான். மச்சான் மண் வேறு, மனைவி மண் வேறு. மச்சான் பந்தியில் பேசுவான். மனைவி வீட்டுக்குள்தான் பேசுவாள். இதில் தலைகுனிவு இல்லை.

"இறக்குங்க" என்றான்.

தூண்கள் மண்ணைத் தொட்டதும் அடுப்படி ஜன்னலிலிருந்து புகை வந்தது. சைனப் அடுப்பு மூட்டிவிட்டாள். அடுப்பு மூட்டிய வீட்டை ஒரு காப்பி அறுவடை முடியும்வரை யாரும் அசைக்கக் கூடாது. அதன் முகப்பு காப்பித் தோட்டத்தையும், அடுப்படி லாரிகளையும் பார்த்தபடி நின்றது. திருப்பி வைக்க எவருக்கும் தெம்பில்லை.

மறு வாரம் சந்தையில் ஒரு வதந்தி கிளம்பியது. கமருதீன் தன் தங்கையையும் மாப்பிள்ளையையும் நிலத்தை விட்டு விரட்டிவிட்டானாம். பிழைக்க வழியில்லாமல் அவர்கள் ரோட்டோரம் காப்பி ஊற்றுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பத்தோலாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஜன்னலடியில் லாரிக்காரர்கள் நிறைந்திருந்த ஒரு காலையில், எல்லோர் முன்னிலையிலும் பெச்சேயைச் சாட்சிக்கு அழைத்தான்.

"நீ எல்லாத்தையும் பார்த்தவ. பொய் சொல்லாதவ. இவங்க முன்னால சொல்லு. என்னை மச்சான் விரட்டினாரா? இல்ல, அவரு சொன்ன ஒரு சொல்லுக்காக நானா மானத்தோட எந்திரிச்சு வந்தேனா?"

பெச்சே வாணலியிலிருந்து பார்வையை எடுக்காமல் வாழைப்பழத்தைத் திருப்பிப் போட்டாள்.

"யாரும் யாரையும் விரட்டல, நீயாவும் வரல; பந்தியில அண்ணன் என்ன பேசணும், எந்த வளைவுல வாரிஸ் வீட்ட மாட்ட வைக்கணும்னு சைனப் என் அடுப்பு பக்கத்துல உக்காந்துதான் ரெண்டு பேருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தா."