நாலு மார்க் வாங்கிய பத்தி

புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாத்தியாரைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அப்படித்தான் திரிந்துகொண்டிருந்தேன். மாணவர்கள் எழுதும் பத்திக்கு ஆளாளுக்கு மனம்போல மார்க் போடுகிறார்களே என்று கொதித்துப்போய், நானே ஒரு விதிமுறை எழுதி ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டினேன். தொடக்கத்துக்கு இரண்டு, கருத்து வரிசைக்கு நான்கு, பிழையில்லாமல் எழுதினால் இரண்டு, முடிவுக்கு இரண்டு. முடிவு வாக்கியம் இல்லாத பத்திக்கு, அது எப்பேர்ப்பட்டதாக இருந்தாலும், நாலு மார்க்குக்கு மேல் கிடையாது. (இதற்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. கொழுப்புதான், வேறென்ன?)

என்னோடு தமிழ்த் தாள் திருத்தியவர் மல்லிகா டீச்சர். செய்யாறிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சாக்பீஸ் தூள் படிந்த விரலால் நெற்றி முடியை ஒதுக்குவார். அன்றைக்கு முழுக்க அந்த வெள்ளைக் கோடு நெற்றியிலேயே இருக்கும். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். வாய் வராது. ஒரு வருடம் இப்படியே ஓடியது. அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது அவருக்குத் தேசூரில் நிரந்தர வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது.

அந்தத் தேர்வில் ஒரு கேள்வி: ‘நான் மறக்க முடியாத ஒருவர்’ – பத்தி எழுதுக. எனக்குள் இருந்த அதிமேதாவி விழித்துக்கொண்டான். மற்றவர்களாக இருந்தால் கடிதம் எழுதியிருப்பார்கள். நான் விடைத்தாள் எழுதினேன். மாணவன் எழுதியதைப் போல ஒரு தாளில் பத்தி எழுதி, அவர் திருத்த வேண்டிய கட்டுக்குள் செருகிவிட்டேன். யாராவது பார்த்துவிட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று பெயர், ஊர், பஸ் எதையும் எழுதவில்லை. கடைசி வரி எழுத மட்டும் துணிச்சல் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

“சார், நம்பர் இல்லாத பேப்பர் ஒண்ணு இருக்குதுங்க,” என்றார் டீச்சர். சொன்னதோடு விடாமல் சத்தமாகப் படிக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

“அவர் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வராத நாளில் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. இனி அவர் வரமாட்டார் என்கிறார்கள்...”

என் டீ சட்டையில் கொட்டியது.

“யார் வூட்டுப் பையன் இது?” என்றார் தலைமையாசிரியர்.

“இதுல இன்னா சார் யோசிக்கக் கீது?” என்றார் ஓவிய ஆசிரியர். “தறிக்காரர் வூட்டுப் பையன். பட்டு நூல் கொண்டாந்து குடுக்கிறவருக்காக வாசலைப் பார்த்துகினு குந்திகினு இருக்கான். அவரு வரலைன்னா தறி ஓடாதில்ல? பாவம், ஆளை மாத்திட்டாங்க போல.”

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். டீச்சர் மட்டும் தாளைக் கீழே வைக்கவில்லை.

“படிச்சா மனசு என்னமோ பண்ணுது சார். ஏழு போடலாமா?”

பத்து பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சுவரைக் காட்டினேன்.

“விதி விதிதாங்க டீச்சர். முடிவு இல்லை. நாலு.”

(உலகத்தில் தன் காதலுக்குத் தானே மார்க் குறைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

அவர் கிளம்பிய அன்று எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“அந்தப் பேப்பர் எழுதுனது யாருன்னு தெரிஞ்சுதா சார்?”

“இல்லைங்க டீச்சர்.”

“தெரிஞ்சா சொல்லுங்க. கடைசி வரிய மட்டும் எழுதியிருந்தா பத்துக்குப் பத்து போட்டிருப்பேன்.”

என் கண்ணைப் பார்த்தே சொன்னார். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தபோது பஸ் நகர்ந்துவிட்டது. நான் கையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம், செய்யாறு பஸ் வரும் நேரத்தில் காரணமே இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் அரிச்சந்திரன் வேஷம் கட்டி இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பெயரே ‘நாலு மார்க்’. பல வருடம் கழித்து எங்கள் மகள் ஒருநாள் எதிரே வந்து நின்று, “அப்பா, கூட வேலை செய்யறவரை எனக்குப் புடிச்சிருக்கு. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்,” என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“பத்துக்குப் பத்து!”