காணாமல் போவதற்கு ஒரு நிறம்

உலகம் இதுவரை எத்தனையோ பேருக்குச் சிலை வைத்துவிட்டது. நாட்டைப் பிடித்தவனுக்கு வைத்தது. பிடித்த நாட்டைக் கோட்டைவிட்டவனுக்கும் வைத்தது. கணினித் திரையில் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளையும் காணாமல் செய்தவருக்கு மட்டும் இன்னும் வைக்கவில்லை. இந்த அநியாயத்தைக் கேட்க நாதியில்லை என்பதால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவர். பெற்றோர் வைத்த பெயரை அலுவலகம் மறந்து வெகுகாலம் ஆகிறது. 'கண்ணாடியார்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் அல்ல. செய்த வேலையால் வந்த பட்டப்பெயர் அது.

கணினியில் ஒரு மென்பொருளைத் திறந்தால், உள்ளே எல்லாம் தயாராகும்வரை நிறுவனத்தின் சின்னத்தோடு ஒரு படம் வந்து நிற்குமே, அதற்கு ஸ்பிளாஷ் திரை என்று பெயர். வீட்டுக்காரர் இன்னும் சட்டை மாட்டவில்லை என்பதை மறைக்க, வாசலில் நின்று வந்தவரோடு பேச்சுக் கொடுக்கிற மச்சான் மாதிரி. மற்ற நிறுவனங்களில் அது ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் அடங்கி ஒடுங்கி வரும். கண்ணாடியார் பெட்டியைத் தூக்கிவிட்டார். சின்னம் மட்டும் அந்தரத்தில் மிதந்தது. சுற்றிலும், பின்னால் என்ன இருந்ததோ அது அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்த மேலாளர் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"எப்படிப்பா இது?"

"ஏதாவது ஒரு நிறத்தை, இதுதான் காணாமப் போற நிறம்னு சொல்லிட்டா போதும் சார். திரையில தெரியற அந்த ஜன்னல்ல அந்த நிறம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஓட்டை விழுந்துடும். பின்னாடி இருக்கறது தெரியும். மவுஸை அமுக்கினாக்கூட ஓட்டை வழியா பின்னாடிதான் போய் விழும்."

"நீ எந்த நிறத்தைச் சொன்னே?"

"கண்ணைக் குத்தற மாதிரி ஒரு ரோஸ் சார். புத்தி தெளிவா இருக்கற யாரும் அதை வேற எதுக்கும் எடுக்க மாட்டாங்க."

மேலாளர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். ஆனால் கலைஞர்களின் வாய்த்துடுக்கைப் பொறுத்துக்கொள்வது நிர்வாகத்தின் கடமை என்பதால் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவருக்கு வேறொரு குறை இருந்தது.

"பார்த்துட்டு இருக்கும்போதே போயிடுதே!"

"உள்ளே எல்லாம் தயாராயிடுச்சு சார். அதான்."

"அதுக்குள்ள என்ன அவசரம்? கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

வேகமாக ஓடுகிற ஒரு மென்பொருளை மெதுவாக ஓட வைப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பது துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. கண்ணாடியார் அதையும் செய்துகொடுத்தார். வேலை முடிந்த பிறகும் சின்னம் நகராமல் நின்றது. முழு அலுவலகமும் அதன் முன்னால் கைகட்டி நின்றது.

மென்பொருள் எதற்கு என்று சொல்ல மறந்துவிட்டேன். மேலாளரும் அதை அடிக்கடி மறப்பதுண்டு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு. வருகிறவர்களின் பெயரையும் நோயையும் வரவேற்பு மேசையில் பதிந்தால், உள்ளே டாக்டரின் திரையில் பட்டியல் வரும். அந்த வரிசையில் கூப்பிடுவார்கள். அந்த வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியாரின் சொந்த அக்கா.

வேலை தொடங்கியபோதே அக்கா தம்பியிடம் ஒன்று கேட்டிருந்தார்.

"டேய், நீ வேற எதுவும் பண்ண வேணாம். நெஞ்சுவலின்னு வர்றவங்க, அடிபட்டு வர்றவங்க, இவங்க பேர் மட்டும் பட்டியல்ல மேல போகணும். செக்கச்செவேல்னு நிக்கணும். டாக்டர் தலையை நிமிர்த்தினா கண்ணுல அடிக்கணும். புரியுதா?"

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா?" என்றார் தம்பி. உண்மையிலேயே அது ஒரு வேலையாக இல்லை. ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார். அவசரம் என்று குறித்தால் அந்த வரி முழுக்கச் சிவப்பு, எழுத்து வெள்ளை. முடித்த கையோடு மறந்தும் விட்டார். உயிரைக் காப்பாற்றும் சில்லறை வேலைகளை யார்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

இதற்கிடையே மேலாளரின் கலைத்தாகம் வளர்ந்தது. ஸ்பிளாஷ் மட்டும் கண்ணாடியாக இருந்து பயன் என்ன? உள்ளே இருக்கிற பட்டியல், பெட்டி, பொத்தான் எல்லாமே கண்ணாடியாக வேண்டும் என்றார். கண்ணாடியார் பொத்தானின் பின்னணியை எடுத்துப் பார்த்தார். அது தன்னைத் தாங்கி நிற்கும் ஜன்னலின் சாம்பல் நிறத்தைத்தான் காட்டியது. கணினியில் இது ஒரு குடும்ப வழக்கம். பிள்ளை சட்டையைக் கழற்றினால் அப்பாவின் சட்டை தெரியும். அப்பாவைத் தாண்டித் தெருவைப் பார்க்க முடியாது.

"எனக்கு அடி ஆழம் வரைக்கும் தெரியணும்" என்றார் மேலாளர். அடி ஆழத்தில் இருந்தது ஆஸ்பத்திரி நிறுவனரின் படம். 'ஐயா' என்று எல்லாரும் பயபக்தியோடு சொல்லும் அவருடைய புன்னகை தவழும் முகத்தை ஆஸ்பத்திரியின் எல்லாக் கணினிகளிலும் பின்படமாக வைக்க வேண்டும் என்பது உத்தரவு. வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர். "வேலை செய்யும்போதே ஐயா தெரியணும்ப்பா. அதுதான் நம்ம மென்பொருளோட ஆன்மா."

அப்படியானால் முழு ஜன்னலுக்கும் அந்தக் காணாமல் போகும் நிறத்தைப் பூச வேண்டியதுதான் என்றார் கண்ணாடியார். அந்த நிறத்தை ஒரு தனி நபர் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுப்பதை மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டையும் ஒரு காரணமாக இருக்கலாம். உடனே 'நிறத் தெரிவுக் குழு' அமைக்கப்பட்டது. 'அழகியல் ஆலோசகர்' ஒருவர் வரவழைக்கப்பட்டார். நீண்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சுவரில் வண்ணச் சக்கரம்.

"பச்சை வளர்ச்சி. அது காணாமப் போகக் கூடாது" என்றார் ஆலோசகர். எல்லாரும் தலையாட்டினார்கள். "நீலம் நம்பிக்கை. மஞ்சள் மகிழ்ச்சி. ரோஸ்..." மேலாளரைப் பார்த்தார். "ரோஸ் தலைமை. சிவப்புதான் ஆபத்து, பயம், நெருக்கடி. ஒரு ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் தேவையா?"

"தேவையே இல்லை!" என்றது குழு.

சிவப்பு ஒருமனதாகத் தேர்வானது. அப்போது கண்ணாடியாரின் மனதின் ஒரு மூலையில் ஏதோ ஒன்று நெருடியது. சிவப்பை எங்கேயோ எடுத்தோமே? எங்கே? வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மேலாளர், "இந்தத் திரைக்காக நம்ம கண்ணாடியாருக்கு இந்த வருஷத்து விருதைச் சிபாரிசு பண்ணியிருக்கேன்" என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. நெருடல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாராட்டு விழும் இடத்தில் மூளை ஒதுங்கி நிற்பது மரியாதை.

திறப்பு விழா ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலேயே நடந்தது. நோயாளிகளின் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வரவேற்பு மேசையின் திரையை எல்லாரும் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார்கள். ஐயா மவுஸைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். சின்னம் அந்தரத்தில் தோன்றியது. பின்னால் ஐயா புன்னகைத்தார். முன்னால் நின்ற ஐயாவும் புன்னகைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கொத்தனார் வந்துசேர்ந்தார். சட்டையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. ஒரு கை மார்பில் இருந்தது, மறு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. விழாவின் அழகைக் கெடுக்கிறோமே என்ற கூச்சம் அவர் முகத்தில் கொஞ்சமும் இல்லை.

"நெஞ்சு அடைக்குதும்மா" என்றார்.

அக்கா விசைப்பலகையை இழுத்தார். சின்னம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே எல்லாம் எப்போதோ தயார். ஆனால் சின்னம் நகரவில்லை.

"இது எப்படா போகும்?" என்று தம்பியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார் அக்கா.

"போயிடும்க்கா... இப்போ போயிடும்."

அதை மெதுவாக்க எவ்வளவு உழைத்தோம் என்பது கண்ணாடியாருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. முதல் தடவையாக அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஒருவழியாகச் சின்னம் விலகியது. அக்கா பெயரைப் பதிந்தார். நெஞ்சுவலி. அவசரம். படிக்க வேண்டுமே என்று சாம்பல் நிறத்தில் விட்டிருந்த மற்ற வரிகள் ஐயாவின் முகத்தை மறைத்திருந்தன. பட்டியலின் உச்சியில் அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் ஐயாவின் வெள்ளை முடி தெரிந்தது.

பதியவில்லை போலிருக்கிறது என்று அக்கா மறுபடியும் பதிந்தார். இப்போது நெற்றி தெரிந்தது. இன்னொரு தடவை பதிந்தார். ஐயாவின் கண்கள் அருள் பொழிந்தன. வெள்ளை எழுத்துகள் வெள்ளை முடியோடும் வெள்ளைச் சுவரோடும் கலந்துவிட்டன. புருவத்தின் பக்கம் மட்டும் ஓர் எழுத்தின் கொக்கி மரு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா அந்த இடத்தில் மவுஸை வைத்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். எல்லாம் ஓட்டை வழியாகப் போய் ஐயாவின் நெற்றியில் விழுந்தன.

கூட்டம் கைதட்டியது. "பார்த்தீங்களா? தானாவே கொஞ்சம் கொஞ்சமா ஐயா தரிசனம் கொடுக்கறார்!" என்றார் மேலாளர்.

சிவப்பை எங்கே எடுத்தோம் என்று கண்ணாடியாருக்கு இப்போது தெரிந்துவிட்டது. "சார்" என்று மேலாளரின் முழங்கையைப் பிடித்தார். "சார், அந்தச் சிவப்பு..."

"உஷ். ஐயா பேசப் போறார்."

உள்ளறையில் டாக்டர் தன் திரையைப் பார்த்து, கண்ணில் பட்ட முதல் பெயரைக் கூப்பிட்டார். பாதத்தில் அரிப்பு என்று வந்திருந்த ஒருவர் எழுந்து போனார். கொத்தனார் பெஞ்சில் சாய்ந்தார். அவர் உதடு வெளுத்திருந்தது.

அக்கா கம்ப்யூட்டரை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"டாக்டர், நெஞ்சுவலி கேஸ். வாங்க."

"பட்டியல்ல இல்லையேம்மா."

"பெஞ்சுல இருக்கார் டாக்டர்!"

"பட்டியல் மூலமாத்தான் பார்க்கணும்னு இன்னிக்குக் காலையிலதான் உத்தரவு வந்திருக்கு."

டாக்டரின் நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. அக்கா பின்னால் போய்ப் பிடித்து, அவரோடு சேர்த்து, விழாக் கூட்டத்தின் நடுவே தள்ளிக்கொண்டு வந்து பெஞ்சுக்கு முன்னால் நிறுத்தினார். கண்ணெதிரே பார்த்த பிறகு டாக்டரும் டாக்டராகிவிட்டார். ஸ்ட்ரெச்சர் வந்தது. ஐயா பேச்சை நிறுத்தி, ஸ்ட்ரெச்சர் போக வழிவிட்டுத் தொடர்ந்தார்.

அந்தப் பரபரப்பில் கண்ணாடியார் மேசையில் உட்கார்ந்தார். குழு மனசு மாறினாலும் மாறும் என்று நிறத்தை மட்டும் ஒரு தனிக் கோப்பில் வைத்திருந்தார். சிவப்பை எடுத்துவிட்டுப் பழைய ரோஸைப் போட்டார். ஐயாவின் முகத்தை மூடிக்கொண்டு கொத்தனாரின் பெயர் செக்கச்செவேல் என்று வந்து நின்றது, பதிந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரியாக. கண்ணில் அடித்தது.

கொத்தனார் பிழைத்துக்கொண்டார். ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய காரணம் அதுவல்ல. 'பட்டியலில் இடம்பெறாத ஒருவரைத் தன்னிச்சையாக நோயாளி எனக் கருதியமை, பணியிலிருந்த மருத்துவரை இருக்கையோடு இடம்பெயர்த்தமை' என்று இரண்டு குற்றங்களின் பேரில் அக்காவுக்கு மெமோ வந்தது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேலை போகும். கண்ணாடியாருக்கு விருது உறுதியானது.

அடுத்த வாரம் ஐயாவின் அறையில் ஆய்வுக் கூட்டம். கண்ணாடியார் தன் மேலாளரோடு போயிருந்தார். அக்கா கதவோரம் நிறுத்தப்பட்டிருந்தார்.

"திறப்பு விழா அன்னிக்கு அவசர கேஸ் எவ்வளவு?" என்று கேட்டார் ஐயா.

"ஆரம்பத்துல பட்டியல்ல ஒண்ணுகூட இல்லை ஐயா" என்றார் மேலாளர். "நம்ம மென்பொருளோட சாதனை. அப்புறம் யாரோ நிறத்தை மாத்திட்டாங்க. அன்னியிலிருந்து ஒரே சிவப்பு."

"நான்தான் மாத்தினேன்" என்றார் கண்ணாடியார். "தப்பு என் தப்பு ஐயா. எங்க அக்கா அன்னிக்கு எழுந்து ஓடலைன்னா அந்த ஆள் செத்திருப்பார். அவங்க மெமோவை ரத்து பண்ணுங்க."

"அதை அப்புறம் பார்க்கலாம்" என்று ஐயா கையை உயர்த்தினார். "எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அன்னிக்கு எவ்வளவு அமைதியா இருந்துச்சு அந்தத் திரை! இப்போ என் முகத்துமேல யார் யாரோட பேரோ ஏறி நிக்குது. அன்னிக்குக் குழு சொன்ன நிறத்தையே திரும்பப் போட்டுடுங்க. அப்பவும் முடியும் நெத்தியும் கண்ணும்தான் தெரிஞ்சுது. முகம் முழுசா தெரியற மாதிரி பண்ண முடியாதா?"

"நம்ம ஆளால முடியாததுன்னு ஒண்ணும் கிடையாது ஐயா" என்றார் மேலாளர்.

கண்ணாடியார் திரும்பிக் கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார்.

"முடியும் ஐயா. அதுக்கு இங்க வர்ற எல்லாருக்கும் நெஞ்சுவலி வரணும். வந்து, உங்க பெஞ்சுல வரிசையா உட்கார்ந்திருக்கணும். யாரும் எழுந்து போய் அவங்களைப் பார்க்கக் கூடாது. அப்போ எல்லா வரியும் சிவப்பாகிக் காணாமப் போய், உங்க முகம் முழுசா தெரியும்."

ஐயா நாற்காலியில் சாய்ந்து நெடுநேரம் யோசித்தார். பிறகு மேலாளரின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாள்ல முடிப்பீங்க?"