போறணைக் காக்காவும் கச்சான் காற்றும்

கல்முனையில் நெருப்புக்கு அதிகம் பயந்த மனிதர் யாரென்று கேட்டால், யோசிக்காமல் ஒரு பேக்கரிக்காரரைச் சொல்வேன். பாண் வேகும் பேரடுப்பு போறணை என்பதால் ஊருக்கு அவர் போறணைக் காக்கா; காக்கா என்றால் அண்ணன். உம்மா வாப்பா வைத்த பெயரை அவருடைய மனைவியே மறந்திருப்பார்.

மற்ற மாதங்களில் மலைமலையாகப் பாண் சுட்டுத் தள்ளுவார். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் ஆள் மாறிவிடுவார். வாயைத் திறந்தால் நாக்கைக் காயவைக்கும் வறண்ட காற்று அது. காலையில் பொரித்த பப்படம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவார். கடற்கரை ஊரில் பப்படம் சீக்கிரமே நமுத்துவிட வேண்டும். கடிக்கும்போது இன்னும் மொறுமொறுவென்றிருந்தால் காற்றில் ஈரமில்லை என்று போறணையை அணைத்துவிடுவார். மறுநாள் தெருவுக்கே பாண் கிடையாது.

ஒரு கலியாண வீட்டில் புரியாணிச் சட்டிக்குக் கீழே எரிந்த அடுப்பில் வாளித் தண்ணீரை ஊற்றினார். மாப்பிள்ளை வீட்டார் அரைவேக்காட்டுச் சோறு தின்றார்கள். எங்கேயும் தீப்பிடிக்கவில்லையே என்று சண்டைக்குப் போனவர்களிடம், "அதுக்குத்தானே ஊத்தினன்" என்றார்.

இப்படிப்பட்டவர் பேச்சை யார் கேட்பார்கள்? நற்பிட்டிமுனையில் என் மச்சான், தங்கச்சியின் புருஷன், அறுத்து முடிந்த வயலில் வைக்கோலைக் கொளுத்த என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்ட அன்றும் காக்கா வந்து தடுத்தார். மச்சான் சிரித்தார். மதியம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு கடற்காற்று வரும், நெருப்பும் புகையும் ஊரைவிட்டு மேற்கே போய்விடும் என்றார். இங்கே எல்லோரும் அப்படித்தான் கொளுத்துவார்கள்.

அன்று கடற்காற்று வரவில்லை. கச்சான் விடவில்லை.

நெருப்பு வரம்புகளைத் தாண்டி ஊர்ப்பக்கம் ஓடி வந்தது. எதிரே வற்றிய வாய்க்கால். அதற்கப்பால் பின்னிய தென்னோலைக் கிடுகு வேலி போட்ட வீடுகளின் வரிசை. முதல் வீட்டில் தங்கச்சியின் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளைத் தூக்கலாம். மற்ற வீடுகளில் எத்தனை பிள்ளைகள்? நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

ஊர்ப்பக்கம் சாய்ந்த புகையைக் கண்டு காக்கா சைக்கிளில் வந்து விழுந்தார்.

"நெருப்புப்பெட்டியத் தாங்க மச்சான்."

மச்சானுக்கு விளங்கவில்லை. "இன்னொரு நெருப்பு வெக்கவா காக்கா?"

"ஓம். அது தின்ன வாறத நாம முந்தி எரிச்சிருவம். தின்ன ஒண்டுமில்லாட்டி நிண்டுரும். இன்ஷா அல்லாஹ்."

குச்சிகள் ஒடிந்துகொண்டே இருந்தன. அழுதுகொண்டேதான் பற்றவைத்தார். வாய்க்காலின் வயல்பக்க ஓரமாக அவர் கொளுத்திக்கொண்டு போக, தாண்டி விழுந்த பொறிகளை நாங்கள் ஈரச்சாக்கால் அடித்தோம். அவர் வைத்த நெருப்பு காற்றை எதிர்த்து மெல்ல மேற்கே ஊர்ந்து ஓரத்தைக் கரியாக்கியது. பெருநெருப்பு அந்தக் கரிநிலத்துக்கு வந்து, தின்ன எதுவும் கிடைக்காமல் படுத்தது.

அதை எங்கே கற்றார் என்று கேட்டேன். கற்கவில்லையாம், பயத்தில் தூக்கம் வராமல் கிடக்கும்போதெல்லாம் இதைத்தான் யோசிப்பாராம்.

அதற்குள் தங்கச்சியின் மகள் எழும்பிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். காக்கா அவளை வாரித் தூக்கினார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை இறக்கவே இல்லை. அவள் சிணுங்கினாள், இறக்கிவிடச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.