மூஞ்சிக்காரரின் கண்ணாடி

தன் மூஞ்சியை மூஞ்சிக்காரர் அளவுக்கு உழைக்க வைத்தவர் இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. நாமெல்லாம் அதைச் சோறு தின்னவும் பவுடர் பூசவும் மட்டுமே வைத்திருக்கிறோம்.

திருத்தணி மலையில் மொட்டை போடுகிறவர் அவர். கத்தியைத் தொடுவதற்கு முன் குழந்தையின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிடுவார். எதிரே உட்கார்ந்து, “கோவம்!” என்று புருவத்தை மூக்குவரை இறக்குவார். “பயம்!” என்றால் இரண்டு கண்ணும் காதுப்பக்கம் ஓடிவிடும். ஒருமுறை அவர் காட்டிய சோகத்தில் ஒரு குடும்பமே அழுதுவிட, பக்கத்து வரிசைக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். குழந்தை மட்டும் உதட்டைப் பிதுக்கிக் கண்ணாடியில் ரசித்துக்கொண்டிருந்தது. அதற்குள் பாதித் தலை முடிந்திருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இப்போது பொதட்டூர்பேட்டையில் அங்கன்வாடி டீச்சர். அந்தப் பெருமை என் நடையிலேயே தெரியும். என்னிடம் வந்து சேர்ந்த இரண்டரை வயதுத் தேனு அந்தப் பெருமையையும் கடித்தாள். பொம்மையைப் பிடுங்கினால் கடி, அம்மா கிளம்பினால் கடி, தூக்கம் வந்தால் கடி. உணர்ச்சிகளைச் சொல்லித்தர ஆறு முகங்கள் வரைந்து சுவரில் மாட்டினேன். சிரிக்கிற முகத்தைக் கடித்துத் துப்பினாள்.

“அவ வந்தா எங்க புள்ளைங்க வராது” என்று மற்ற அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள். தேனுவின் அம்மா செல்வி தறி ஓட்டுகிறவள். பிள்ளையை விட இடமில்லை என்றால் வேலை போய்விடும். “ஒரு வாரம் பொறுங்க” என்று எல்லோரிடமும் கெஞ்சினேன்.

அந்த வாரம்தான் தேனுவுக்கு மொட்டை. செல்வி என்னையும் அழைத்துப் போனாள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். அவரோ பஸ்ஸிலேயே கட்டைவிரலில் கடி வாங்கியிருந்தார்.

“நீங்க படிச்சவங்க டீச்சர், நீங்களே வெச்சிக்கோங்க” என்று நழுவிவிட்டார்.

மூஞ்சிக்காரர் கண்ணாடியை நீட்டியதுதான் தாமதம், தேனு அவர் மணிக்கட்டைக் கவ்வினாள். நான் அலறினேன். அவரோ பரிசு விழுந்தவர்போல மலர்ந்தார்.

“ஆங்! கோவம் வந்துகினு கீது பாரு! யாரோ தெரியாத ஆளு கிட்ட வந்துட்டான், அதான கண்ணு? பல்லுல வேணாம், மூஞ்சில காட்டு. எங்க?”

தேனு வாயை எடுத்தாள். கண்ணாடியைப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள்.

“இன்னாது, இவ்ளோதானா? எங்க வூட்டு அம்மா இத்தவிட நல்லா காட்டும்!”

தேனு கன்னத்தை உப்பி, “உர்ர்ர்” என்றாள். அவர் நடுங்கிப்போய் வாளிக்குப் பின்னால் பதுங்கினார். தேனு கெக்கெக்கென்று சிரித்தாள். “இது சந்தோசம்!” என்று வாளிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மூஞ்சிக்கு ஒரு இழுப்பாகக் கத்தி ஓடி, தலையில் சந்தனமும் ஏறிவிட்டது.

என் ஆறு படங்களைப் பற்றி அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“நல்லதுதாங்க டீச்சரம்மா. ஆனா படம் பயப்படுமா?”

மறுநாள் படங்களைக் கழற்றிவிட்டு, தரையோடு ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். வாசலில் அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கையை உதறி உள்ளே ஓடிவந்த ஒரு பெண் குழந்தை தேனுவின் பொம்மைக் காரைப் பிடுங்கியது. தேனுவின் வாய் திறந்தது. நான் பாதி எழுந்துவிட்டேன். வாய் மூடியது. கன்னம் உப்பியது, புருவம் இறங்கியது.

“கோவம்!”

கார் மரியாதையாகத் திரும்பி வந்தது.

“எம்மாடி, என் மாமியார் தோத்தாங்க போ!” என்று சிரித்த ஒருத்தி, தன் பிள்ளையை உள்ளே விட்டாள். மற்றவர்களும் விட்டார்கள். செல்வி தறிக்கு ஓடினாள். பிறகும் இரண்டு கடி விழுந்ததுண்டு. ஆனால் இப்போதெல்லாம் அறிவிப்பு முன்கூட்டியே வருகிறது.

மொட்டை போட்டுக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் மலை ஏறும்போதெல்லாம் அவர் வரிசையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் சாமி பார்க்கப் போகிறேன்.